அத்தைக்கு அரைத்த வெயில் பூச்சு

நம் வயதுக்காரர்கள் காலை நடைக்கு வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். காரணம் உங்களுக்கே தெரியும். தேனியில் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நம்மில் பாதிப் பேர் மூக்கிலும் கன்னத்திலும் வெயிலுக்கென்று வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு வருகிறோம். கண்ணாடி போட்டுக்கொண்டும் சரியாகத் தேய்க்கத் தெரிவதில்லை. போன வாரம் உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னைக்கு எந்த ஊர்ல நாடகம்?" என்று கேட்டார். "நீங்க ராஜபார்ட்டுன்னா நான் வாரேன்" என்று நானும் விடவில்லை. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால், எனக்கு என் முகம் தெரியவில்லை. எப்போதோ பார்த்த வேறு இரண்டு வெள்ளை முகங்கள்தான் தெரிந்தன. அவற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் தோட்டம் சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பன்னீர் திராட்சை. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை, நான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அத்தைக்கு முகத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் உண்டு. இடது கண்ணைச் சுற்றி, உதட்டோரத்தில், தாடைக்கு அடியில், விரல் நுனிகளில். இன்று வெண்புள்ளி என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று ஊர் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது யாருக்கும் ஒட்டாது, வலிக்கவும் வலிக்காது. வெயில் பட்டால் மட்டும் அந்த இடங்கள் சீக்கிரம் சிவந்துவிடும்.

உத்தமபாளையத்தில் ஒரு டாக்டர், "வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எப்போதோ சொல்லியிருந்தார். பாவம், அவர் சொன்னது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடுவதோடு அத்தையின் வெளியுலகம் முடிந்துவிடும். அப்புறம் சமையல், தையல் மிஷின், ரேடியோ. பகலில் அவளைத் தெருவில் பார்த்ததாக யாரும் சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். அப்பாவுக்குத் தங்கை என்றால் உயிர். இருபத்தைந்து வயதுக்காரியை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அம்மாவோ பொழுது விடிந்தால் தோட்டத்தில் இருப்பாள். களை, தண்ணீர் பாய்ச்சல், மருந்தடிப்பு. திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தம் அவள் நகக்கண்ணில் எப்போதும் நீலமாக ஒட்டியிருக்கும். மத்தியானம் வீட்டுக்கு வந்து அத்தை வடித்த சோற்றுக்கு உட்காரும்போது, "மகாராணி நெழல்ல இருந்து ஆக்குன சோறு, ருசியாத்தான் இருக்கும்" என்பாள். அத்தை ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பாள். அதுவே பதில்தான். அம்மாவுக்கு அத்தையின் புள்ளிகளைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் நன்றாகத் தெரியும், கணக்குத்தான் தப்பாக வரும்.

அந்தத் தை மாதம் அப்பா வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, கணுக்கால் பிசகிவிட்டது. கால் பூசணிக்காயாக வீங்கிப்போனது. அம்மா நாமக்கட்டியை உரைத்து முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகப் பற்றுப் போட்டு, முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தாள். கால் ஊன்றாமல் அவர் படுத்துக்கிடந்த நேரம்தான் கவாத்து வெட்ட வேண்டிய நேரம்.

திராட்சைக்காரர்கள் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழம் பறித்த பிறகு கொடி கொஞ்ச காலம் ஓய்வெடுக்கும். அப்புறம் இலைகளை உருவிவிட்டு ஒவ்வொரு கிளையையும் கணக்காக வெட்டிவிட வேண்டும். அதுதான் கவாத்து. எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தப்பாக வெட்டினால் கொடி இலையாகத் தள்ளும், காய் இருக்காது. தையில் வெட்டினால் வைகாசியில் பழம். தள்ளிப்போனால் பழுக்கிற நேரத்தில் ஆனிச் சாரல் பிடித்துக்கொண்டு, பழம் வெடித்துப் பந்தலிலேயே அழுகிப்போகும். எங்களுக்கு வழக்கமாக வெட்டுகிற ஆட்கள் ஓடைப்பட்டிப் பக்கம் போயிருந்தார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எங்கள் வீட்டில் வெட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அப்பாவும் அத்தையும். புள்ளி வருவதற்கு முன்னால் அண்ணனுக்குச் சமமாகப் பந்தலில் நின்று வெட்டியவள் அவள்.

"நான் போறேண்ணே" என்றாள் அத்தை.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். கால் வலித்ததும் மறுபடி உட்கார்ந்தார். "வெயிலு ஒனக்கு ஆகாது பாப்பா. டாக்டரு சொன்னாருல்ல?"

"வெயிலு படக்கூடாதுன்னுதான சொன்னாக. வெளிய போகக்கூடாதுன்னா சொன்னாக?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணில்லண்ணே" என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். அப்படி அவள் எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பந்தல் வேலை அண்ணாந்து பார்த்துச் செய்கிற வேலை. கொடி தலைக்கு மேலே கம்பியில் படர்ந்திருக்கும். துண்டு பின்னால் சரிந்துவிடும். தொப்பி போட்டால் விளிம்பு வானத்தைப் பார்க்கும், மூஞ்சி சூரியனைப் பார்க்கும். நிழல் தருகிற இலையும் கவாத்து நேரத்தில் ஒன்றுகூட மிச்சமிருக்காது. தாடைக்கு அடியிலும் கழுத்திலும்கூட நேராக வெயில் விழுகிற வேலை உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அப்ப மூஞ்சியில எதையாச்சும் பூசிக்கிட்டுப் போறேன்" என்றாள் அத்தை.

அப்பா யோசித்தார். கட்டிலில் கிடக்கிறவருக்கு யோசிப்பதைத் தவிர என்ன வேலை? கடைசியில் ஒரு காலைப்பொழுது மட்டும் போய்ப் பார்க்கட்டும், சிவந்தால் அதோடு முடிந்தது என்றார்.

பூச்சு அரைக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். பிடிக்காத நாத்தனாருக்கு ஏன் அரைத்தாள் என்றால், சமையலை விட்டுக்கொடுத்தாலும், மருந்தோ பூச்சோ இன்னொருத்தி தப்பாக அரைப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாசிப்பயற்று மாவு, சந்தனம், கஸ்தூரி மஞ்சள், தயிர். அதோடு நின்றிருக்கலாம். அம்மாவுக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பித்தளைப் பானைக்கும் அதுதான், தலைப் பொடுகுக்கும் அதுதான், பித்தத்துக்கும் அதுதான். "எலுமிச்சம்பழம் போடாத பூச்சு ஒரு பூச்சாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே பழம் பழமாகப் பிழிந்தாள். சாறு அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்; அத்தை முகத்தில் பூசிக்கொண்டதும், கையைக் கழுவாமல் அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

அன்றைய காலை எனக்கு மறக்காது. அத்தை பந்தலுக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு கல்தூணைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து இளஞ்சூடாக இருந்தது. உள்ளங்கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மேற்கே மலையிலிருந்து காற்று வந்தது. அத்தைக்கு மூச்சு வாங்கியது. நடந்து வந்ததனால் என்று நான் நினைத்தேன். அப்புறம் கத்திரியை எடுத்தாள், வெட்ட ஆரம்பித்தாள். டிக், டிக் என்று அந்தச் சத்தம் வரிசை வரிசையாக நகர்ந்துபோனது. அம்மா பின்னாலேயே போய் வெட்டுப்பட்ட குச்சிகளைப் பொறுக்கினாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, சண்டையும் போடவில்லை.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அத்தையின் கன்னமும் தாடையும் எரிந்து சிவந்து, கண்ணோரத்தில் கொப்புளம் கட்டிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. விளக்கேற்றும்போது அப்பாதான் பார்த்தார்.

"பாத்தியா? நான் சொன்னனா இல்லையா?" என்றார். கோபத்தைவிட அழுகைதான் அந்தக் குரலில் அதிகம். "பயிரு போனாப் போகுது. நீ உள்ள இரு பாப்பா. இனி வெயிலுப் பேச்சே இந்த வீட்டுல கூடாது."

அத்தை சரி என்று தலையாட்டினாள். கத்திரியைத் துடைத்து எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டினாள். ரேடியோவைப் போடவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை முழுக்க முந்தானையால் வலது கையைப் போர்த்திக்கொண்டே இருந்தாள். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்புக்கு மாற்றினாள். நான் கையைப் பிடித்து இழுத்ததும், "சும்மா கெட கழுத" என்று விரட்டினாள்.

மத்தியானம், அப்பாவுக்குப் பற்று மாற்ற அத்தை வெந்நீர் கொண்டுவந்தபோது, அம்மா முற்றத்துக்கு வந்தாள். கட்டிலுக்கு முன்னால் நின்று முந்தானையை விலக்கி வலது கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவந்த கோடுகள், அங்கங்கே கொப்புளம். கிளைகிளையாக ஏதோ வழிந்து ஓடிய தடம் மாதிரியே இருந்தது.

"இது என்னாங்கிறேன்?" என்றார் அப்பா.

"எலுமிச்சம் சாறு. பிழியுறப்ப வழிஞ்சது. அது ஓடுன எடம் மட்டுந்தான் வெந்துருக்கு. பக்கத்துத் தோலைப் பாருங்க, ஒண்ணுமில்ல. அதே வெயிலுதான? எனக்கு என்ன புள்ளியா இருக்கு?" அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். "வெயிலு ஒண்ணும் செய்யல. எம் பூச்சுதான் அவ மூஞ்சியைப் பொசுக்கிருச்சு."

எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் வெந்துபோகும் என்று இன்றைக்குத் தோல் டாக்டர்கள் சொல்கிறார்கள். அன்று எங்கள் ஊரில் அதைச் சொல்ல அம்மாவின் கையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோடுகள் ஆறியிருக்கும், எலுமிச்சம்பழத்தின் பெருமையும் போயிருக்காது, அத்தை ஆயுசுக்கும் உள்ளேயே இருந்திருப்பாள். தோற்றுப்போனதாக அம்மா ஒப்புக்கொண்டு நான் கேட்டது அது ஒருமுறைதான். எனக்கு அவளை நினைத்து இன்றும் பெருமையாக இருக்கிறது.

அத்தை வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்ன மதினி, சொல்லாம இருந்துட்டீக? எரியலையா?" என்றாள்.

"எரியாம என்ன" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அப்போதும் மனசு வரவில்லை. எலுமிச்சம்பழத்தின் மேல் தப்பு என்றாலும் வெயில் வெயில்தானே என்றார். அதற்குள் அத்தை அவர் காலில் காய்ந்திருந்த பழைய நாமக்கட்டிப் பற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்க காலைப் பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். முற்றத்து வெயிலில் நாள் முழுக்க நீட்டிவைத்திருந்த கால். பாதமும் விரல்களும் கருத்திருந்தன. பற்று இருந்த இடம் மட்டும் வேறு யாருடைய காலோ போல வெளுப்பாக இருந்தது. அப்பா தன் காலையே சந்தேகமாகப் பார்த்தார். நாமக்கட்டிக்குள் வெயில் இறங்கவே இல்லை. சொந்தக் காலே தங்கை பக்கம் சேர்ந்துவிட்டது.

மறுபடி அரைத்தார்கள். இந்தமுறை சேர்ந்து அரைத்தார்கள். நாமக்கட்டியைத் தண்ணீரில் குழைத்தால் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும் என்று அப்பாவின் காலைப் பார்த்தே தெரிந்திருந்தது. இன்னொரு தொல்லையும் இருந்தது. வெட்டிய திராட்சைக் கொடி தண்ணீர் விடும். வெட்டு வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக, அண்ணாந்திருக்கிற மூஞ்சியின் மேலேயே விழும். தண்ணீரில் கரையாத பூச்சாக இருக்க வேண்டும். அத்தைதான் மெழுகு என்றாள். சுருளிமலைப் பக்கமிருந்து தேன் கொண்டுவருகிறவர்கள் கொடுத்த தேன்மெழுகு வீட்டில் ஒரு உருண்டை இருந்தது. அதை நல்லெண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் உருக்கி, துணியில் சலித்த நாமக்கட்டி மாவைத் தூவிக் கிண்டினார்கள். ஆறியதும் வெண்ணெய் மாதிரி வந்தது. தேன்கூட்டு வாசனையும் எள் வாசனையும் மண் வாசனையும் சேர்ந்து வீடு முழுக்க அடித்தது. கடையில் வாங்குகிற எந்த டியூபிலும் எனக்கு அந்த வாசனை கிடைத்ததில்லை. வழித்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் அடைத்தார்கள். ரோஸ் நிறத் தகர டப்பா, மூடியில் கொண்டை போட்ட ஒரு பெண் படம். அது எங்கே போனதோ தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நாமக்கட்டி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் பூசுங்கள். நான் கதை சொல்கிறேன், வைத்தியம் சொல்லவில்லை.

முதலில் அம்மா தன் இடது கையில் பூசிக்கொண்டு முற்றத்து வெயிலில் போய் உட்கார்ந்தாள். "எதுக்கு மதினி, என் கையில பூசிப் பாத்தாப் போதாதா?" என்று அத்தை கேட்டதற்கு, "ஒருதடவ ஒம் மூஞ்சியப் பொசுக்குனது போதாதா?" என்றாள். சிவக்கவில்லை, கொப்புளமும் இல்லை. அத்தையின் புண் ஆறும் வரை காத்திருந்தார்கள். அதற்குள் தை முடிய வந்துவிட்டது, ஓடைப்பட்டிக்குப் போன ஆட்களும் வந்தபாடில்லை.

ஒரு காலை, அத்தை என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லி முகம் முழுக்க அப்பினாள். நெற்றி, மூக்கு, கன்னம், தாடைக்கு அடியில், கழுத்து. புள்ளிகள் எல்லாம் மறைந்து ஒரே வெள்ளையாகிப்போனது. கண்ணாடியைப் பார்த்து, "இப்பத்தான் ஒரே நெறமா இருக்கேன்" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. டப்பாவைக் கையில் வாங்கி, மிச்சத்தைத் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள். யாரும் அவளைப் பூசிக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்கும் மூக்கில் ஒரு விரல் வைத்தாள். இரண்டு பேரும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டைகளைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டினார்கள். தெருவில் போனபோது நாய்கூடக் குரைத்தது. பெட்டிக்கடையில் நின்ற ஒருவர், "என்னாத்தா, எந்தக் கோயில் வேசம்?" என்று கேட்டார். "வேலைக்குப் போறோம்ணே" என்று பகல் வெளிச்சத்தில், தெரு நடுவில் நின்று பதில் சொன்னாள் அத்தை.

நாலைந்து நாள் வெட்டினார்கள். அத்தை வெட்டுவதைப் பார்த்துப் பார்த்து அம்மாவும் இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டாள். எந்தக் கணு என்று அத்தை சொல்லுவாள், அம்மா வெட்டுவாள். கொடித் தண்ணீர் அவர்கள் கன்னத்தில் விழுந்து ஒட்டாமல் உருண்டு ஓடியது. வைகாசியில் பழம் நன்றாகவே வந்தது, அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்தக் கடைசி நாளைப் பற்றி.

அன்று அப்பாவால் பொறுக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மாட்டுவண்டியில் ஏறி வந்துவிட்டார். மோட்டார் ரூம் நிழலில் கட்டிலைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோர்ச் செம்போடு நான். உச்சி வெயில் ஏறியது. பந்தலுக்குள் இரண்டு வெள்ளை முகங்கள், இரண்டு பழைய சட்டைகள். பக்கத்து வரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று.

அப்பாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற முகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாப்பா! ஏ பாப்பா! வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. போதும்த்தா. வா, வந்து இங்கன நெழல்ல ஒக்காரு. ஒரு வாய் மோரு குடிச்சிட்டுப் பெறகு வெட்டலாம்."

அந்த முகம் திரும்பவில்லை. கத்திரி மட்டும் நின்றது.

"ஒடம்பு என்னத்துக்காகும்? வா தாயி."

அப்போதுதான் அம்மா திரும்பினாள்.

"பாப்பா அங்கன கடைசி வரிசையில நிக்கிறா" என்றாள். "நான் ஒங்க பொண்டாட்டி."

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்தப் பந்தல்லதான் நிக்கிறேன். ஒருநா, ஒரே ஒருநா, வெயிலு ஏறிருச்சு, நெழலுக்கு வான்னு என்னையச் சொல்லியிருப்பீகளா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. குரல்கூட உயரவில்லை. நெஞ்சுக்குள் வெகுகாலம் கிடந்த கேள்வி, ஆள் மாறி வந்த அந்த அழைப்பைக் கேட்டதும் தானாக வெளியே வந்துவிட்டது. அம்மா அத்தையிடம் எதை வெறுத்தாள் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. புள்ளிகளை அல்ல. அந்த "வா தாயி"யைத்தான்.

அத்தை கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அம்மாவின் கையிலிருந்த கத்திரியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"போங்க மதினி. அண்ணன் கூப்புடுறாக."

"என்னைய இல்ல."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா என் கையிலிருந்த செம்பை வாங்கி, டம்ளரில் மோரை ஊற்றினார். பாதி அவர் வேட்டியில் சிந்தியது. கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். பிசகின கால் கட்டிலின் சட்டத்தில் இடித்தும் அவர் முனகவில்லை.

"ஒன்னையத்தான்" என்றார். "வா. வந்து ஒக்காரு."

அம்மா வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அப்பா மறுபடி ஊற்றினார். பந்தலில் டிக், டிக் என்று கத்திரிச் சத்தம் திரும்பவும் ஆரம்பித்தது. அத்தை வெயிலில் நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.